மலைக்கும் எட்டட்டும் உணவு அறிவியல்

கல்வராயன் மலையில் விளையும் சாமை மூட்டை மூட்டையாகக் கீழே இறங்குகிறது. எங்கோ ஓர் ஆலையில் உமி நீங்கி, சாமை அரிசியாகி, பையில் அடைபட்டுக் கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவுக்குத் திரும்பி வருகிறது. மூட்டையாகக் கொடுத்த விலைக்கும் பையாக விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளியை மலைக் குடியானவர் நன்றாகவே அறிவார். மரவள்ளியின் கதையும் இதுதான். சின்னசேலம் பக்கத்து வயலில் தோண்டிய கிழங்கு ஆலைக்குள் போய் ஜவ்வரிசியாக வெளியே வருகிறது. புளி, தேன், பலா, நெல்லி எதை எடுத்தாலும் விளைவித்தவர் கையில் நிற்பது முதல் விலை. அதற்கு மேல் ஏறுகிற விலையெல்லாம் வேறு கைகளுக்கு. "உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது" என்ற பழமொழி இன்னமும் பழசாகவில்லை.

இந்த இடைவெளியை நிரப்புவது இயந்திரம் மட்டும் என்று பலர் எண்ணுகிறார்கள். கடன் வாங்கி இயந்திரம் வாங்கியவர்கள் சிலர் அதை மூலையில் போட்டுவைத்திருப்பதையும் பார்க்கலாம். இயந்திரத்தை ஓட்டக் கையும், அதிலிருந்து வரும் பண்டம் கெடாமல் காக்க அறிவும் வேண்டும். அந்த அறிவுக்குத்தான் உணவு அறிவியல் என்று பெயர். அந்தப் படிப்பு யாருக்கு, எப்படி, எவ்வளவு தூரத்தில் கிடைக்கிறது என்பது சிறு விவசாயிக்குச் சம்பந்தமில்லாத செய்தி அல்ல. அவர் வீட்டுப் பிள்ளையின் எதிர்காலமும் அவர் விளைச்சலின் விலையும் அதில் அடங்கியிருக்கின்றன.

2025இல் மூடிய கதவு

கள்ளக்குறிச்சி 2019 நவம்பர் 26 அன்று தனி மாவட்டமாயிற்று. மலையிலும் சரி, அடிவாரத்திலும் சரி, குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த பிள்ளைகள் இன்று பல வீடுகளில் இருக்கிறார்கள். வேதியியலிலோ தாவரவியலிலோ பி.எஸ்சி. முடித்துவிட்டு ஊரிலேயே இருக்கும் பெண்ணுக்கு, வீட்டிலிருந்தபடியே முதுநிலைப் பட்டம் படிக்கலாம் என்ற இணையவழிப் படிப்பு ஒரு பெரிய நம்பிக்கையாக இருந்தது. வெளியூர் விடுதிச் செலவு இல்லை. அறுவடைக்கும் ஆள் குறையாது. பட்டமும் கிடைக்கும் என்று பெற்றோர் கணக்குப் போட்டார்கள்.

அந்தக் கதவு இப்போது சாத்தப்பட்டிருக்கிறது. உளவியல், நுண்ணுயிரியல், உணவு மற்றும் ஊட்டச்சத்து அறிவியல், உயிரித் தொழில்நுட்பம், மருத்துவ ஊட்டச்சத்து ஆகிய பாடங்களை 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவம் முதல் தொலைநிலையிலோ இணைய வழியிலோ நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்துவிட்டது. 2021ஆம் ஆண்டின் மருத்துவம் சார்ந்த தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தின் கீழ் வரும் படிப்புகள் இவை என்பது காரணம். விவசாயமும் தோட்டக்கலையும் 2020ஆம் ஆண்டு விதிகளிலேயே இவ்வாறு விலக்கப்பட்டுவிட்டன.

இந்தச் செய்தி தெரியாமல் விளம்பரத்தைப் பார்த்துப் பணம் கட்டுகிறவர்கள் இன்னும் இருக்கக்கூடும். ஆகவே முதலில் அறிய வேண்டியது இதுதான். பெயரில் சிறு மாற்றம் செய்து ஒரு படிப்பு விளம்பரமானால், அந்தப் பாடத்துக்கு, அந்த நிறுவனத்துக்கு, அந்த ஆண்டுக்கு அனுமதி இருக்கிறதா என்று மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவுத் தளத்தில் பார்த்த பிறகே பணம் கட்ட வேண்டும். தொலைநிலைப் படிப்பில் சேர அந்தப் பிரிவு தரும் தனி அடையாள எண்ணும் 2024 முதல் கட்டாயமாகிவிட்டது. அந்த எண் கேட்காமலேயே சேர்த்துக்கொள்ளும் இடம் எதுவாயினும் விலகி நிற்பதே நல்லது.

தடை செய்தது தவறா?

முழுத் தவறு என்று சொல்லிவிட முடியாது. "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்பது மற்றப் படிப்புகளைவிட உணவுப் படிப்புக்கே அதிகம் பொருந்தும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். பழக்கூழுடன் சர்க்கரை சேர்த்து ஜாம் காய்ச்சும்போது, 105 டிகிரி சென்டிகிரேடு வந்ததும் இறக்க வேண்டும் என்று பாடநூல் சொல்லும். அது கடல் மட்டத்துக்குச் சொன்ன கணக்கு. கல்வராயன் மலை 2000 அடியிலிருந்து 4000 அடி வரை உயர்ந்தது. 3000 அடி உயரத்தில் தண்ணீரே ஏறத்தாழ 97 டிகிரியில் கொதித்துவிடும். ஜாம் இறக்கும் பதம் என்பது தண்ணீர் கொதிக்கும் சூட்டைவிட ஏறத்தாழ 5 டிகிரி கூடுதல். ஆகவே மலையில் 102 டிகிரியிலேயே இறக்கிவிட வேண்டும். புத்தகத்தை நம்பி 105 டிகிரிக்குக் காத்திருப்பவரின் ஜாம் கெட்டியாகிக் கரண்டியில் ஒட்டிக்கொள்ளும், சர்க்கரையும் பூத்துவிடும். வெப்பமானியைக் கையில் பிடித்து மலையிலேயே ஒரு முறை காய்ச்சிப் பார்த்தவருக்கு இது ஒரு மணி நேரப் பாடம். கைப்பேசித் திரையில் மட்டும் படித்தவருக்கு இது தெரியவே தெரியாது.

ஜாம் கெட்டால் நஷ்டம் பணத்தோடு போகும். மலையில் ஏராளமாகக் கிடைக்கும் பலாவைப் பிஞ்சாக வெட்டி உப்பு நீரில் புட்டியில் அடைத்து விற்க முனைந்தால் ஆபத்து அதைவிடப் பெரிது. புளிப்புக் குறைந்த பண்டத்தில், அதாவது அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். எண் 4.6க்கு மேல் உள்ள பண்டத்தில், கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற நுண்ணுயிர் காற்றில்லாத புட்டிக்குள் வளர்ந்து கொடிய நஞ்சை உண்டாக்கும். கொதிக்கும் நீரில் எவ்வளவு நேரம் வைத்தாலும் அதன் வித்துகள் சாகும் என்ற உறுதி இல்லை. அழுத்தக் கலத்தில் 121 டிகிரிச் சூடு வேண்டும். இல்லையேல் போதிய புளிப்பைச் சேர்த்து அந்த எண்ணை 4.6க்குக் கீழே கொண்டுவர வேண்டும். எந்தப் புட்டியில் அந்த எண் என்ன என்று அளந்து பார்க்கத் தெரியாதவர் அந்தத் தொழிலில் இறங்கவே கூடாது. பரிசோதனைக் கூடத்தில் கையால் செய்து பழகாமல் இதைக் கற்க வழியில்லை. மானியக் குழுவின் தடையில் உள்ள நியாயம் இதுதான்.

ஆனால் நியாயம் பாதியில் நின்றுவிட்டது. செய்முறை இல்லாத படிப்பு கூடாது என்று சொன்னவர்கள், செய்முறையை எங்கே போய்ப் படிப்பது என்று சொல்லவில்லை. தஞ்சையிலும் கோவையிலும் மைசூரிலும் விடுதியில் தங்கிப் படிக்க வசதியுள்ள பிள்ளைக்கு இந்தத் தடையால் ஒரு குறையும் இல்லை. வெள்ளிமலையிலும் சங்கராபுரத்திலும் வீட்டை விட்டு நகர முடியாத பிள்ளைக்குத்தான் இழப்பு.

முதுநிலைப் படிப்பு கேட்பது என்ன?

தொலைநிலையில் முதுநிலைப் படிப்பு என்றால் சும்மா இருந்து பட்டம் வாங்குவது என்ற எண்ணம் ஊரில் உண்டு. கணக்குப் போட்டால் உண்மை விளங்கும். தொலைநிலைப் படிப்பில் ஒரு கிரெடிட் என்பது 30 மணி நேரப் படிப்பு. இரண்டாண்டு முதுநிலைப் பட்டத்துக்கு வழக்கமாக 80 கிரெடிட். மொத்தம் 2400 மணி நேரம். இரண்டு ஆண்டில் 104 வாரம். வாரத்துக்கு 23 மணி நேரம். நாள் தவறாமல் மூன்று மணி நேரத்துக்கு மேல். கிழங்கு தோண்டும் நாளும் கரும்பு வெட்டும் நாளும் இதில் விலக்கு இல்லை. ஒரு குடும்பம் தன் பிள்ளையை இப்படிப் படிக்கவைக்கிறது என்றால், தினமும் அரை ஆள் வேலையை அந்தப் படிப்புக்கு விட்டுக்கொடுக்கிறது என்று பொருள். அதை முதலிலேயே வீட்டில் பேசி முடிவு செய்யாமல் சேர்ந்தால், இரண்டாம் பருவத்தில் படிப்பு நின்றுபோகும். கட்டிய பணமும் போகும்.

அடிப்படைத் தகுதியும் உண்டு. உணவு அறிவியல் என்பது சமையல் அல்ல. வேதியியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல், புள்ளியியல் இந்த நான்கும் அதன் நான்கு கால்கள். அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகம் உணவு அறிவியல் முதுநிலைப் படிப்பை இணைய வழியில் நடத்துகிறது. அங்கும் அறிவியல் அடிப்படை இல்லாதவர் அதை முதலில் படித்து முடித்துவிட்டே மேலே போக வேண்டியிருக்கும். பி.ஏ. அல்லது பி.காம். முடித்தவர் நேராக இதில் குதிப்பது நாற்றங்கால் விடாமல் நடவுக்கு இறங்குவது போன்றது.

மூன்றாவது தேவை கருவி. சிறு கைப்பேசியில் பாடம் கேட்கலாம். ஆய்வறிக்கை எழுத முடியாது, புள்ளிவிவர அட்டவணை போட முடியாது. கணினி ஒன்று வேண்டும். தடையில்லா மின்சாரமும் செல்பேசி அலையும் வேண்டும். கல்வராயன் மலையில் அலை எட்டாத ஊர்கள் பல. பிள்ளைகள் அலை கிடைக்கும் மேட்டைத் தேடிப் போய் நின்று பேசும் நிலையில், நேரலை வகுப்பு என்பது வெறும் பேச்சு. நான்காவது, ஆங்கிலம். மேற்படிப்பின் பாடநூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். தமிழ்வழியில் படித்து வந்த கெட்டிக்காரப் பிள்ளை முதல் ஆறு மாதம் தடுமாறுவது இயல்பு. அதைக் கண்டு தனக்கு அறிவில்லை என்று அந்தப் பிள்ளை நினைத்துவிடக் கூடாது.

ஐந்தாவது, சான்றிதழ்கள். மலையாளி சமூகத்துப் பிள்ளைகளுக்குப் பழங்குடியினச் சான்று கையில் இருக்க வேண்டும். அதற்குக் கடைசி நேரத்தில் அலைந்து சேர்க்கையைக் கோட்டைவிட்டவர்கள் உண்டு. பிளஸ் டூ படிக்கும்போதே வாங்கி வைத்துவிட வேண்டும். உதவித்தொகை நேரடி வகுப்புக்கு மட்டுமா, மற்ற முறைகளுக்கும் உண்டா என்பதையும் சேருமுன் எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது.

சிறு விவசாயிக்கு எதற்கு இது?

மூன்று ஏக்கர் மானாவாரி வைத்திருப்பவருக்கு எம்.எஸ்சி. எதற்கு என்று கேட்கலாம். அவருக்கு அது தேவையில்லைதான். ஆனால் அவர் கூப்பிடு தூரத்தில் அந்தப் படிப்புப் படித்த ஒருவர் இருந்தே ஆக வேண்டும்.

மக்காச்சோளத்தை எடுத்துக்கொள்ளலாம். கள்ளக்குறிச்சிப் பகுதியில் மக்காச்சோளம் முக்கியப் பயிராகிவிட்டது. அறுவடையில் மழை பிடித்துச் சரியாகக் காயாமல் குவித்த கதிரில் ஆஸ்பெர்ஜில்லஸ் பிளேவஸ் என்ற பூசணம் ஏறும். அது விடும் அபிளாடாக்சின் நஞ்சு சமைத்தாலும் அழியாது. உணவு தானியத்தில் ஒரு கிலோவுக்கு 15 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது சட்டம். அதாவது ஒரு டன் சோளத்தில் 15 மில்லிகிராம். கண்ணுக்கும் நாக்குக்கும் எட்டாத அளவு இது. ஈரத்தை 12 சதவீதத்துக்கு இறக்கி வைத்தால் பூசணம் வளராது. ஈரமானி ஒன்றும் அதைப் படிக்கத் தெரிந்த ஒருவரும் களத்தில் இருந்தால், சரக்கு திரும்பி வராது. ஈரம் என்று சொல்லி விலையைக் குறைக்கவும் இடமிராது.

மரவள்ளிக்கு "பாயிண்ட்" கணக்கில் விலை. கிழங்கில் மாவுச்சத்து எவ்வளவு என்பதே அந்தப் பாயிண்ட். மாவுச்சத்து தண்ணீரைவிடக் கனமானது. அதனால் மாவு மிகுந்த கிழங்கு நீருக்குள் எடை போட்டாலும் கூடுதல் எடை காட்டும். சோதனையின் சூட்சுமம் அவ்வளவுதான். ஒரு தராசும் ஒரு தொட்டியும் இருந்தால் ஊரிலேயே போட்டுப் பார்த்துவிட்டு வண்டி ஏற்றலாம். தோண்டிய கிழங்கு இரண்டு மூன்று நாளில் உள்ளே நீலம் பாய்ந்து கெடத் தொடங்கும் என்பதால், விலை படியவில்லை என்று திருப்பிக் கொண்டுவரவும் முடியாது. சேலத்தில் 1981இல் சேகோசர்வ் என்ற கூட்டுறவு அமைப்பு தொடங்கியதால் ஜவ்வரிசி, ஸ்டார்ச் தயாரிப்போருக்கு ஒரு பொதுச் சந்தை உண்டாயிற்று. கிழங்கு விளைவிப்போருக்கு அதுபோன்ற பலம் வர வேண்டுமானால், அளவை அறிவு அவர்கள் பக்கமும் இருக்க வேண்டும்.

சாமையிலும் நுட்பம் உண்டு. நூறு கிலோ சாமைக்கு அறுபது எழுபது கிலோ அரிசி கிடைக்கலாம். தவிட்டை அதிகமாகத் தீட்டினால் அரிசி வெளுக்கும். நார்ச்சத்தும் இரும்புச்சத்தும் போகும். தீட்டாமல் விட்டால் தவிட்டிலுள்ள எண்ணெய் நாளடைவில் சிக்கு வாடை அடிக்கும். எந்த அளவுக்குத் தீட்டுவது, எந்தப் பையில் அடைப்பது, எத்தனை நாள் தாங்கும் என்று அட்டையில் அச்சிடுவது என்பதை ஊகத்தில் சொல்ல முடியாது. தேனில் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் போனால் தரம் தவறியதாகும், புளிக்கவும் புளிக்கும். கூட்டில் மூடாத அறையிலிருந்து பிழிந்த தேனுக்கு இந்தக் குறை வரும். 2023ஆம் ஆண்டு உலகச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடப்பட்ட பிறகு சாமைக்கு நகரத்தில் கிராக்கி உண்டு. கிராக்கி மட்டும் போதாது; தரம் தவறாமல் கொடுக்கத் தெரிந்தவருக்கே அது நிலைக்கும்.

சட்டமும் இதைத்தான் கேட்கிறது. 2011 முதல் நடைமுறையில் உள்ள உணவுப் பாதுகாப்பு உரிம விதிகளின்படி, உரிமம் பெற்ற உணவுத் தயாரிப்பு நிலையத்தில் அறிவியல் பட்டமோ உணவுத் தொழில்நுட்பப் பட்டமோ பட்டயமோ பெற்ற ஒருவராவது மேற்பார்வைக்கு இருக்க வேண்டும். வீட்டளவில் சிறு பதிவோடு தொழில் செய்பவருக்கு இந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் மலை விவசாயிகள் கூடி உற்பத்தியாளர் கம்பெனி அமைத்து, சாமை ஆலையோ புளி பதப்படுத்தும் நிலையமோ வைத்து வளர்ந்தால் அந்தக் கட்டாயம் வரும். அப்போது வெளியூரிலிருந்து ஆளைச் சம்பளத்துக்கு அழைத்து வருவதா, மலையின் பிள்ளையே அந்த நாற்காலியில் உட்காருவதா? இந்த விவாதத்தின் உயிர்நாடி இதுதான்.

தூரத்துக் கல்வி புதிதல்ல

தூரத்திலிருந்து கற்பது தமிழ்நாட்டு விவசாயிக்குப் பழகாத காரியம் அல்ல. 1960களில் தஞ்சை மாவட்டத்தில் ஆடுதுறை 27 ரகம் வானொலி மூலமாகப் பரவி, "ரேடியோ நெல்" என்றே பெயர் வாங்கியது. ஆனால் காதில் கேட்டதைப் பக்கத்து வயலில் கண்ணால் பார்க்கவும் முடிந்ததால்தான் நம்பிக்கை வந்தது. தூரத்துப் பாடமும் பக்கத்துச் செய்முறையும் சேர வேண்டும் என்ற பாடத்தை அந்த நெல்லே கற்றுக்கொடுத்துவிட்டது.

இன்றைக்குக் கிடைக்கும் சாதனங்களும் குறைவில்லை. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் திறந்தவெளி மற்றும் தொலைதூரக் கல்வி இயக்ககம் ஆறு மாதச் சான்றிதழ்ப் பாடங்களைத் தமிழிலேயே நடத்துகிறது. பாடநூல் தமிழில், நேரடி வகுப்பும் உண்டு. பல்கலைக்கழகத்தின் வேளாண் தகவல் தளத்தில் மதிப்புக் கூட்டுதல் பற்றிய செய்திகளைத் தமிழில் படிக்கலாம். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பழம், காய்கறி, தானியம், பயறு ஆகியவற்றில் மதிப்புக் கூட்டும் பட்டயப் படிப்புகளை வகுத்தது. எந்தப் பருவத்தில் எது நடக்கிறது என்று பார்த்துச் சேரலாம். மத்திய அரசின் ஸ்வயம் தளம் 2017 முதல் இயங்குகிறது. அறுவடைக்குப் பின் செய்நேர்த்தி பற்றிக் கரக்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் நடத்திய வகுப்புகளை அதில் கட்டணமில்லாமல் கேட்கலாம். தேர்வெழுதிச் சான்று வாங்க மட்டும் பணம். அலை கிடைக்கும் இடத்தில் பாடத்தை இறக்கி வைத்துக்கொண்டு, வீட்டில் நிதானமாகப் பார்க்கலாம்.

நேரடியாகப் படிக்கப் போகும் பிள்ளைக்குத் தஞ்சையில் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சி நிலையமாகத் தொடங்கிய அது 2021இல் தேசிய முக்கியத்துவம் பெற்ற நிறுவனமாயிற்று. மைசூரில் 1950இல் தொடங்கிய மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தில் முதுநிலைப் படிப்பு நெடுங்காலமாக நடந்து வருகிறது. மதுரையில் சமுதாய அறிவியல் கல்லூரியும், சென்னையை அடுத்த கொடுவள்ளியில் உணவு மற்றும் பால்வளத் தொழில்நுட்பக் கல்லூரியும் உள்ளன. இந்தப் பெயர்களே மலைப் பள்ளிகளில் பல பிள்ளைகளுக்குத் தெரியாது என்பதுதான் வருந்தத்தக்கது.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, பரிசோதனைக் கூடத்தை மலையடிவாரத்துக்குக் கொண்டுவர வேண்டும். புதுக் கட்டடம் எழும்பும் வரை காத்திருக்கத் தேவையில்லை. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவு சர்க்கரை ஆலைகள் இருக்கின்றன. கரும்புச் சாற்றின் பிரிக்ஸ் அளவைப் பார்க்கும் கருவி அங்கே அன்றாடக் கருவி. ஜாமுக்கும் பழரசத்துக்கும் பார்ப்பது அதே பிரிக்ஸ்தான். அரவை இல்லாத மாதங்களில் அந்த ஆய்வுக் கூடங்களில் சனி, ஞாயிறு செய்முறை வகுப்பு நடத்த என்ன தடை? மரவள்ளிக்கு மலையின் மேற்குப் பக்கம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. சிறுதானியத்துக்குத் திருவண்ணாமலை மாவட்டம் அத்தியந்தலில் மகத்துவ மையம் இருக்கிறது. இந்த மூன்றையும் ஒரு நூலில் கோத்தாலே பாதிப் பல்கலைக்கழகம் ஆகிவிடும்.

இரண்டாவதாக, படிப்பை ஏணியாக அமைக்க வேண்டும். தமிழில் ஆறு மாதச் சான்றிதழ் முதல் படி. அதன் மதிப்பெண் பட்டயத்தில் கழிய வேண்டும். பட்டயத்தின் மதிப்பெண் பட்டத்தில் கழிய வேண்டும். சான்றிதழ் வாங்கியவர் மேலே போக நினைத்தால் மீண்டும் தரையிலிருந்து ஏறும்படி வைத்தால் ஏணி எதற்கு? மானியக் குழு தடையை மறுபடி பார்க்கும்போது, ஏட்டுப் பாடம் தூரத்திலும் செய்முறை அருகிலுள்ள அங்கீகாரம் பெற்ற கூடத்திலும் என்ற கலப்பு முறைக்கு இடம் தருவது நியாயமாக இருக்கும். பரிசோதனைக் கூடத்தில் இத்தனை நாள் கட்டாயம் என்று விதி வைக்கட்டும். கதவையே சாத்த வேண்டாம்.

மூன்றாவதாக, மலையிலுள்ள பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில் ஒரு வெப்பமானி, ஓர் ஈரமானி, ஒரு பிரிக்ஸ் கருவி, பி.எச். தாள் இவை இருக்கும்படி செய்யலாம். பெருஞ்செலவு பிடிக்கும் பொருள்கள் அல்ல. சாமையின் ஈரத்தைப் பத்தாம் வகுப்பில் அளந்து பார்த்த பிள்ளைக்கு, உணவு அறிவியல் பிறகு அந்நியமாகத் தோன்றாது.

படித்த பிள்ளை மலைக்குத் திரும்புமா என்ற கேள்வி எழும். எல்லோரும் திரும்ப மாட்டார்கள். சென்னையிலும் பெங்களூரிலும் ஆலைகள் நல்ல சம்பளம் தருகின்றன. போகிற பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஊரை விட்டுப் போய்ப் படித்தவர் திரும்புவதைவிட, ஊரில் இருந்தே படித்தவர் ஊரில் தங்குவது எளிது. தொலைநிலைப் படிப்பை மலைக்கு ஏற்ற முறையில் திருத்தி வைக்க வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டாம்.

ஜாகீர்தார் ஆதிக்கம் கல்வராயன் மலையில் முடிந்தது 1976இல்தான். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த பிறகு, மலை மக்களின் வாழ்க்கை நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. சாலையும் பேருந்தும் பற்றிப் பேச்சு வந்தது. நல்லது, வரட்டும். சாலை வந்தால் சரக்கு விரைவாகக் கீழே இறங்கும். அது மூட்டையாக இறங்குமா, மலையிலேயே தரம் பார்த்து அடைத்த பையாக இறங்குமா என்பதைத் தீர்மானிக்கப்போவது படிப்பு.

அரசு செய்யும் வரை குடும்பங்கள் கை கட்டி இருக்க வேண்டியதில்லை. அறிவியல் பட்டம் பெற்ற பிள்ளை வீட்டில் இருந்தால், அனுமதி இல்லாத முதுநிலைப் படிப்புக்குப் பணம் கட்டாமல், இந்த ஆண்டே தமிழில் ஒரு சான்றிதழ்ப் பாடத்தில் சேர்த்துவிடலாம். கூடவே ஸ்வயம் வகுப்பு ஒன்றைக் கேட்கச் சொல்லலாம். உழவர் குழுவினர் சேர்ந்து ஓர் ஈரமானி வாங்கி அந்தப் பிள்ளையின் கையில் கொடுக்கலாம். அடுத்த சாமை அறுவடையில் அந்தப் பிள்ளை களத்தில் நின்று அளந்து சொல்லும் எண்ணிக்கையைக் கேட்ட பிறகு மூட்டையைத் தைக்கட்டும். விலை பேச வருகிறவரும் அந்த எண்ணிக்கையைக் கேட்டுத்தான் பேச வேண்டியிருக்கும்.